அப்பாக்களைத் தேடிய கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! இது பால் காசு, ஸ்கூல் ஃபீஸ் சமாசாரம்தான். கல்யாணம் முறிந்து குழந்தைகளோடு தனியே நிற்கும் பெண்ணுக்கு மாதாமாதம் வரவேண்டிய பணத்தைப் பற்றியது. ஊர் மட்டும் நம் ஊர் இல்லை, அமெரிக்காவின் கலிபோர்னியா.

அந்த நாட்டில் 1975-இல் ஒரு சட்டம் வந்தது. வீட்டை விட்டுப் போன தகப்பனைத் தேடிக் கண்டுபிடித்து, குழந்தைக்கு உண்டான தொகையைக் கோர்ட்டில் முடிவு செய்து, வசூலித்துக் கொடுப்பது ஒவ்வொரு மாநில அரசின் வேலை என்றது அது. (விட்டுப் போனது தாயாக இருந்தாலும் இதே சட்டம்தான். ஆனால் பெரும்பாலும் யார் போகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்!)

சட்டம் வந்தால் போதுமா? கலிபோர்னியாவில் 58 கவுண்ட்டிகள், அதாவது நம் ஜில்லா மாதிரி. ஒவ்வொன்றிலும் சர்க்கார் வக்கீல் ஆபீஸ்தான் இந்த வேலையைப் பார்த்தது. ஓர் ஊர்க் கணக்கு இன்னொரு ஊருக்குத் தெரியாது. ஃபிரெஸ்னோவில் பாக்கி வைத்த மனுஷர் சான்டியாகோவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டால் தீர்ந்தது கதை. அம்மா மறுபடியும் ஃபாரம் எழுதி, மறுபடியும் க்யூவில் நின்று...

இதற்காகத்தான் 1988-இல் மத்திய அரசு இன்னொரு சட்டம் போட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒரே கம்ப்யூட்டர் ஏற்பாடு வேண்டும், 1995-க்குள் முடிக்க வேண்டும், செலவில் 100-க்கு 90 பங்கு நாங்கள் தருகிறோம் என்றது. பல மாநிலங்கள் முடிக்காததால் கெடு 1997 அக்டோபர் வரை நீண்டது. கலிபோர்னியா அந்தக் கெடுவையும் தவறவிட்டது. லாக்ஹீட் மார்ட்டின் என்ற பெரிய கம்பெனியிடம் ஒப்படைத்த வேலை சரிப்பட்டு வராமல், அதே 1997 நவம்பரில் ஒப்பந்தமே ரத்தாயிற்று. கம்ப்யூட்டருக்குப் பேர் போன அந்த ஊரிலேயே இந்த லட்சணம்!

பிறகு வந்தது அபராதம். மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் முதல் வருஷம் 4 சதவிகிதம் பிடித்தம், அடுத்து 8, பிறகு 16, 25, 30 என்று ஏறிக்கொண்டே போகும். கந்துவட்டிக்காரன் தோற்றான், போங்கள்! வேலை முடிவதற்குள் அந்த மாநிலம் நூறு கோடி டாலருக்கு மேல் அபராதம் கட்டியது. எல்லாம் ஜனங்களின் வரிப் பணம். அந்தத் தாய்மார்களும் கட்டிய வரிதானே அது?

1999-இல் சட்டசபை விழித்துக்கொண்டது. வக்கீல் ஆபீஸ்களிடமிருந்து இந்த வேலையை வாங்கி, இதற்கென்றே தனி இலாகா ஏற்படுத்தியது. புது ஏற்பாடு 58 கவுண்ட்டிகளுக்கும் போய்ச் சேர 2008 ஆகிவிட்டது. 1997-இல் கைக்குழந்தையோடு காத்திருந்தவளின் பிள்ளை அதற்குள் ஆறாங் கிளாஸ் போயிருப்பான்.

சர்டிபிகேட் கொடுப்பதும் லேசில் இல்லை. புதுக் குக்கர் வாங்கினால் முதலில் வெறும் தண்ணீர் வைத்து விசில் வருகிறதா என்று பார்க்கிறோமே, அப்படித்தான். மத்திய அரசு ஆட்கள், விடை முன்கூட்டியே தெரிந்த கற்பனைக் கேஸ்களைக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஒரு செக் வருகிறது. அதில் இந்த மாதப் பணம் எவ்வளவு, பழைய பாக்கிக்கு எவ்வளவு, அவருக்கு இரண்டு குடும்பம் இருந்தால் பங்கு எப்படி, எல்லாம் காசு சுத்தமாக வரவேண்டும். அந்தக் குடும்பம் அரசாங்க உதவிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தால், வசூலில் பெரும்பகுதியைச் சர்க்கார் தனக்கே ஈடு செய்துகொள்ளும் என்று ஒரு விதி உண்டு. இந்த விதி மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா கொடுத்தது குழந்தைக்குத்தானே?

இப்போது நடக்கும் விதம் சாமர்த்தியமானது. யாரைப் புதிதாக வேலைக்குச் சேர்த்தாலும் முதலாளி 20 நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பட்டியலையும் பாக்கிக்காரர் பட்டியலையும் கம்ப்யூட்டர் ஒத்துப் பார்க்கும். பேர் அகப்பட்டால் முதலாளிக்கு உத்தரவு போகும். சம்பளம் அவர் கைக்கு வருமுன்பே குழந்தை பங்கு பிடிபட்டுவிடும். வசூலான பணத்தை இரண்டு வேலை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது விதி. வருமான வரியில் திரும்பி வரவேண்டிய தொகையையும் விடுவதில்லை.

இதில் ஆபத்தும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் பேர் ஒற்றுமையால் சம்பந்தமே இல்லாத ஆண்களைப் பிடித்து, "நீதான் தகப்பன்" என்று பணம் கேட்ட கூத்து 1998-இல் பத்திரிகைகளில் வந்தது. பாவம், அவர்கள் வீட்டில் என்ன சண்டையோ!

எனக்குப் பிடித்தது பாஸ்போர்ட் விஷயம். 2,500 டாலருக்கு மேல் பாக்கி வைத்தவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. குழந்தைக்கு ஷூ வாங்கிக் கொடுக்கக் காசில்லை என்றவர், வெளிநாட்டுக்கு உல்லாசப் பயணம் போக மனுப் போடுவார். முதலில் பாக்கியைக் கட்டிவிட்டு வாருங்கள் என்று பதில் வரும். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அவர் முழிப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பாக வருகிறது.