காடு யாருடைய சொல்?

சொல்லைப் பற்றி நாம் பேசாத இதழ் கிடையாது. சொல்லின் கனம், சொல்லின் மௌனம், சொல்லுக்கும் பொருளுக்கும் நடுவே விழும் இடைவெளி என்று பத்துப் பக்கம் எழுதத் தயங்காதவர்கள் நாம். முந்நூறு பிரதி அச்சாகும் இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் பாதிப் பேர் எழுதுகிறவர்கள். மீதிப் பேர் எழுதப் போகிறவர்கள். ஆகவே யாரையும் விட்டுவைக்காமல் கேட்கலாம். கோவையிலிருந்து அரை நாள் பஸ் பயணத்தில் ஒரு சொல்லுக்காகத் தகராறு நடந்துகொண்டிருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? சொல் 'காடு'. ஒரு பக்கம் அரசும் வனத்துறையும் நீதிமன்றமும். மறுபக்கம் அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் மாடு மேய்க்கிறவர்கள்.

கொங்கு நாட்டில் பிறந்தவனுக்குக் காடு என்றால் வனம் அல்ல. கிணற்றுத் தண்ணீர் பாய்ந்தால் தோட்டம், வாய்க்கால் தண்ணீர் பாய்ந்தால் வயல், மழையை நம்பிக் கிடப்பது காடு. 'காட்டுக்குப் போயிருக்காங்க' என்று ஒரு வீட்டில் பதில் வந்தால், சோளமோ கம்போ விதைத்த நிலத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள். காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரத்தில் இன்னொரு காடும் உண்டு: கொறங்காடு. முள்ளுக்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் நிற்க, மாடும் ஆடும் மேய்கிற பட்டா நிலம். காங்கயம் மாட்டின் கால் அந்தப் புல்லில்தான் உறுதிப்பட்டது. இந்த இரண்டு பிரயோகத்திலும் காடு என்பது மனிதனும் மாடும் புழங்குகிற இடம். புழக்கம் நின்றால் அது காடல்ல, தரிசு.

சட்டத்தின் காடு வேறு. 1882-இல் சென்னை மாகாணத்துக்கு ஒரு வனச் சட்டம் வந்தது. அதன்படி ஓர் இடம் ஒதுக்குக் காடாவதற்கு மரம் வேண்டும் என்பதில்லை, அறிவிக்கை வேண்டும். எல்லையைக் குறித்து அரசிதழில் வெளியிட்டால் அது காடு. அறிவிக்கைக்கு முன்னால் உரிமை கோரியவன் கோரினான். கோரத் தெரியாதவனின் உரிமை மறைந்தது. அதற்குப் பிறகு மாடு உள்ளே போனால் கட்டணம், சீட்டு, அபராதம். நம் விமர்சகர்கள் பாரிஸிலிருந்து இறக்குமதி செய்து சொல்கிறார்களே, சொல்லே பொருளைப் படைக்கிறது என்று, அந்தத் தத்துவத்தை 1882-லேயே ரெவின்யூ குமாஸ்தாக்கள் பிரமாதமாகச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இதை ஜனங்கள் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூர் ஜில்லா பல்நாட்டில் மேய்ச்சல் வரிக்குப் 'புல்லரி' என்று பெயர். அதைக் கட்ட மறுத்த போராட்டத்தில் நின்ற கன்னெகண்டி ஹனுமந்து 1922 பிப்ரவரியில் போலீஸ் துப்பாக்கிக்கு இரையானார். சரியாக நூறு வருஷம் கழித்து, 2022 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டின் காடுகள் எதிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மேகமலைப் பக்கத்து மாடுகளைப் பற்றி வந்த மனு அது. தடை மாநிலம் முழுவதற்கும் விழுந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதத்தில் உத்தரவு சுருங்கியது: தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றில் மட்டும் தடை. பர்கூர்க்காரர்கள் மூச்சு விட்டார்கள், அவர்கள் காடு இந்த மூன்றிலும் சேராததால். 2024 ஜனவரியில் அந்தியூர், கோபி வட்டங்களில் 80 ஆயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காட்டைத் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் என்று அரசு அறிவித்தது. காட்டில் ஒரு புல்லும் இடம் மாறவில்லை. பெயர் மாறியது. பெயர் மாறியதால் 2022-இன் தடை 2024-இல் பர்கூருக்கு வந்து சேர்ந்தது.

பெரியார் பெயரை இதற்கு வைத்ததில் உள்ள விபரீதத்தைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். நான் வாசகன் என்ற முறையில் சட்டத்தின் வாசகத்தைப் பார்க்கிறேன். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 35-ஆம் பிரிவில் தேசியப் பூங்காவில் மேய்ச்சல் கூடாது என்று தீர்த்துச் சொல்கிறது. சரணாலயத்தைப் பற்றிய 33-ஆம் பிரிவில் அப்படிச் சொல்லவில்லை. தலைமை வனவிலங்குக் காப்பாளர் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தலாம், கட்டுப்படுத்தலாம், தடுக்கலாம் என்கிறது. மூன்று வினைச்சொற்கள். சட்டம் எழுதியவன் பூங்காவுக்கும் சரணாலயத்துக்கும் வித்தியாசம் தெரிந்துதான் எழுதியிருக்கிறான். தீர்ப்பு மூன்றில் இரண்டை அடித்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டது. ஒரு கவிதையில் இப்படி இரண்டு சொல்லை அடித்துவிட்டு யாராவது வியாக்கியானம் எழுதியிருந்தால் நாம் மூன்று இதழ்களுக்குச் சண்டை போட்டிருப்போம்.

இன்னொன்று. 1996 டிசம்பரில் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம், காடு என்ற சொல்லை அதன் அகராதிப் பொருளில் கொள்ள வேண்டும் என்றது. அதனால் எத்தனையோ மரம் வெட்டுதல் நின்றது. அந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த அகராதி? எந்த பாஷையின் அகராதி? கொங்கு வட்டாரத்துக்கென்று பெருமாள்முருகன் தொகுத்த சொல்லகராதி ஒன்று 2000-இல் வெளிவந்தது. அதை எந்த வக்கீலும் கோர்ட்டில் எடுத்து வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. பள்ளிக்கூடப் பையன்கூடச் சொல்வான், முல்லை என்றால் காடும் காடு சார்ந்த இடமும் என்று. அங்கே வாழ்கிறவன் ஆயன் என்று. மாட்டையும் மேய்ப்பவனையும் வைத்தே காட்டை அடையாளம் கண்ட பாஷை இது. அதைப் பரீட்சைக்கு ஒப்பித்துவிட்டு மறந்துபோனோம்.

நான் வங்கியில் குமாஸ்தா. மாட்டுக் கடன் விண்ணப்பங்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போகின்றன. மாட்டின் காதில் எண் போட்ட வில்லை இருக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் இருக்க வேண்டும். நிலம் என்ற கட்டத்தில் சர்வே எண், பரப்பு, பட்டா எண். கொறங்காட்டுக்காரர் இந்தக் கட்டத்தை நிரப்பிவிடுவார். பர்கூர் மாட்டுக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. செந்நிறத் தோலில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட அந்த மாட்டை யாரும் பாலுக்காக வளர்ப்பதில்லை. உழவுக்கும் வண்டிக்கும் எருவுக்கும்தான். காட்டுக்குள் பட்டி போட்டு அடைத்து, காட்டுப் புல்லில் மேய்ந்து, மேடு பள்ளம் ஏறி இறங்கியே அது அந்த மாடாக ஆகியிருக்கிறது. கொட்டிலில் கட்டித் தீவனம் போட்டால் உயிரோடு இருக்கும். பர்கூர் மாடாக இருக்குமா என்பதுதான் கேள்வி. தனி இனம் என்று அரசே பதிவு செய்திருக்கிறது, ஆராய்ச்சி நிலையமும் வைத்திருக்கிறது. ஒரு கையால் மாட்டுக்குச் சான்றிதழ், மறு கையால் அதன் மேய்ச்சலுக்குப் பூட்டு.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு புலியின் சார்பில். மாடு கோமாரியைக் கொண்டுபோகிறது, மானுக்கும் காட்டெருமைக்கும் உள்ள புல்லைத் தின்கிறது, மேய்ப்பவன் தீ வைக்கிறான். இதில் உண்மை இல்லை என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசி, மாட்டின் எண்ணிக்கைக்கு வரம்பு, பருவத்துக்கு ஏற்ற தடம் என்று இதற்கெல்லாம் வழி இருக்கிறது. 33-ஆம் பிரிவின் 'ஒழுங்குபடுத்தலாம்' என்ற வினைச்சொல் வேறு எதற்காக இருக்கிறது? வெள்ளைக்காரன் அழகுக்குக் கொண்டுவந்த உண்ணிச்செடி புல்வெளியை மூடிக்கொண்டிருக்கிறது. அது மானுக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. அதை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. மாட்டுக்காரனை இழுக்கலாம்.

இரண்டாவது மறுப்பு ஆங்கிலம் படிக்கிற என் நண்பர்களிடமிருந்து வருகிறது. அமெரிக்காவைப் பார், மாட்டுக்காரர்கள் துப்பாக்கி தூக்கியதைப் பார், இதுவும் அப்படித்தான் முடியும் என்கிறார்கள். பார்த்தேன். நெவாடா மாநிலத்தில் ஏறக்குறைய 80 சதவீத நிலம் மத்திய அரசுக்குச் சொந்தம். அதில் மேய்ச்சலுக்கு 1934-இன் டெய்லர் சட்டப்படி அனுமதியும் கட்டணமும் உண்டு. 1993 முதல் அந்தக் கட்டணத்தைக் கட்ட மறுத்தவர் கிளைவன் பண்டி. 2014-இல் அரசு மாடுகளைப் பிடிக்க வந்தபோது ஆயுதம் ஏந்திய கூட்டம் திரண்டு அரசைப் பின்வாங்க வைத்தது. 2016-இல் அவருடைய பிள்ளைகள் ஓரிகானில் மல்ஹூர் வனவிலங்கு சரணாலயத்தின் அலுவலகத்துக்குள் புகுந்தார்கள். ஆக்கிரமிப்பு 41 நாள் நீடித்தது. அங்கே தகராறு, சட்டம் தந்த மேய்ச்சலுக்குக் காசு கட்டுவதா இல்லையா என்பது. இங்கே, மேய்ச்சல் என்று ஒன்று உண்டா இல்லையா என்பதே. பர்கூர்க்காரன் ஆயுதம் தூக்கவில்லை, மனு எழுதுகிறான்.

ஆனால் மல்ஹூரிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 'நிலம் எங்களுடையது' என்று பண்டியின் பிள்ளைகள் கோஷம் போட்ட அந்த இடம், 1870-களில் பையூட் என்ற பழங்குடிக்கு ஒதுக்கித் தந்து, சில வருஷத்திலேயே பிடுங்கிக்கொண்ட பகுதி. மேய்ப்பவனும் இன்னொருவனின் சொல்லை அழிக்கக் கூடும். பர்கூரில் லிங்காயத்துகளோடு சோளகர்களும் இருக்கிறார்கள். இருவர் உரிமையும் ஒன்றாகப் பேசப்பட வேண்டும். கீழ்நாட்டுக் காட்டுக்கும் இது பொருந்தும். கௌண்டரின் ஆட்டைப் பண்ணையத்துக்கு இருந்த சக்கிலியப் பையன் மேய்த்தான் என்பதைக் 'கூளமாதாரி' நாவல் 2000-இலேயே எழுதிவிட்டது. மாடு மேய்த்தவனுக்குக் காடு சொந்தமாக இருந்த பொற்காலம் ஒன்றை நான் ஜோடிக்கப் போவதில்லை.

ஜோடிக்கிறவர்கள் நம் கவிஞர்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக வ.உ.சி. மைதானம் நிரம்பியபோது திமில் இல்லாத கவிதை இல்லை. காளை நம் வீரம், காளை நம் மரபு, காளை நம் ரத்தம். சிறுபத்திரிகைக்காரர்களும் கூச்சமில்லாமல் அதில் கலந்துகொண்டார்கள். 2022-இல் அந்தக் காளையின் அம்மா மேயக் கூடாது என்று உத்தரவு வந்தபோது ஒரு கவிதை என் கண்ணில் படவில்லை. காளை படிமம், மேய்ச்சல் பிரச்னை. படிமத்துக்குப் புல் வேண்டாம். நம் நவீனத்துவத்தின் லட்சணம் இது: பொருளை விட்டுவிட்டுச் சொல்லை எடுத்துக்கொள்வது. வனத்துறையும் அதைத்தான் செய்கிறது, நம்மைவிடத் திறமையாக.

என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு: 2006-இன் வன உரிமைச் சட்டம் மூன்றாம் பிரிவில் மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஒப்புக்கொள்கிறது. பழங்குடி அல்லாதவர்களானால் 2005 டிசம்பர் 13-க்கு முன்னால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் அந்தச் சட்டப்படி உரிமைப் பத்திரம் கொடுப்பதே 2008-இலிருந்து 2016 வரை நீதிமன்ற உத்தரவால் நின்றுபோயிருந்தது. லிங்காயத்துகள் அரசுப் பட்டியலில் பழங்குடி அல்ல. எழுதப்படாத வாழ்க்கைக்கு 75 வருஷத்து எழுத்தாதாரம் எங்கே போய்த் தேடுவது?

சட்டத்தின் விதிகளை வாசித்தால் ஒரு வழி தெரிகிறது. ஆதாரங்களின் பட்டியலில் பட்டாவும் அரசுப் பதிவேடும் மட்டும் இல்லை. ஊரின் மூத்தோர் சொன்னதை எழுதி வைத்தால் அதுவும் ஆதாரம். பாரம்பரியமான மேய்ச்சல் இடங்களும் ஆதாரம். எந்தப் பள்ளத்துக்கு என்ன பெயர், எந்த மேட்டில் யாருடைய பட்டி இருந்தது, எந்த மாதத்தில் மந்தை எந்தத் தடத்தில் போகும், எந்தப் புல்லை மாடு முதலில் கடிக்கும், இவற்றுக்கு அந்த மலையின் கன்னடத்திலும் தமிழிலும் சோளகர் பேச்சிலும் சொற்கள் இருக்கின்றன. அந்தக் கிழவர்களோடு அவையும் போய்விடும். கிராம சபையின் முன் அந்தச் சொற்கள் சாட்சி.

சொல்லைத் தவிர வேறெதுவும் தெரியாது என்று பெருமை பேசுகிற கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறு இல்லை. அடுத்த இதழுக்குப் படிமத்தைப் பற்றிக் கட்டுரை எழுதத் திட்டமிட்டிருப்பவர்கள் அதை ஒரு மாதம் தள்ளிப் போடலாம். கோவையிலிருந்து கோபி, கோபியிலிருந்து அந்தியூர், அந்தியூரிலிருந்து மலைக்குப் பஸ் உண்டு. நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். எழுதி வாங்கியதற்கு அடியில் சொன்னவரின் கைநாட்டு வேண்டும். எழுதியவரின் பெயர் வேண்டியதில்லை. அது நம்மில் சிலருக்குக் கஷ்டமாக இருக்கும்.