மூடப்பட்டதைச் சுரண்டாதிருங்கள்



அமெரிக்கச் சித்திரக்கதைகளின் பழைய மூலப் பக்கங்களைப் பலர் பெரும் விலை கொடுத்து வாங்கிச் சேகரிக்கின்றனர். அவை தடித்த தாளில், அச்சாகும் அளவைவிடப் பெரிதாக, கறுப்பு மையால் வரையப்பட்டவை. கோடு பிசகிய இடத்தில் ஓவியர் வெள்ளை வண்ணமோ ஒயிட்னரோ பூசி, அதன்மேல் மறுபடியும் வரைந்தார். அச்சுக்குப் படமெடுத்த கேமரா கருங்கோடுகளை மட்டுமே பதிவு செய்தபடியால், வாசகருக்கு அந்தப் பூச்சு தெரியவேயில்லை. மூலத்தாளிலோ அது நாளடைவில் மஞ்சளித்து, வெடித்து, உதிரத் தொடங்குகிறது.

பார்வைக்கு அழகில்லை என்று அதைக் கரைத்தோ சுரண்டியோ அகற்றலாமா? கூடாது என்பதே என் கருத்து. பூச்சின்மேல் வரைந்த கோடு பூச்சோடு போய்விடும். கரைப்பான் அடியிலுள்ள மையையும் தாளையும் கெடுக்கக்கூடும். முடிவில் எஞ்சுவது, வரைந்தவரே வேண்டாமென்று தள்ளிய கோடு. அடியில் இருப்பதை அறிய விரும்புகிறவர், தாளின் பின்னிருந்து ஒளி பாய்ச்சினால், பூச்சைத் தொடாமலே பல வேளைகளில் ஓரளவு காணலாம். உதிரும் பூச்சை நிலைநிறுத்துவதைத் தேர்ந்த பாதுகாப்பு வல்லுநரிடம் விட்டுவிட வேண்டும்.

1950களில் டல்லாஸ் நகரில் செயலாளராயிருந்த பெட்டி நெஸ்மித் கிரகாம், தம் தட்டச்சுப் பிழைகளை மறைக்கவே வெள்ளை வண்ணத்தைப் புட்டியில் ஊற்றி அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றார். அதிலிருந்தே ஒயிட்னர் பிறந்தது. பிழையை மூட விரும்பாத மனிதர் உண்டோ?

ஆனால் மூடுகிறவர் யார் என்பதே கேள்வி. தன் பாவத்தைத் தானே மறைப்பவனை நீதிமொழிகள் 28ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. அறிக்கையிட்டுத் தேவனால் மூடப்பட்டவனின் பாக்கியத்தை 32ஆம் சங்கீதம் பாடுகிறது. பிறரை இன்னும் காயப்படுத்தும் அநீதி வெளிச்சத்துக்கு வந்தே ஆகவேண்டும். மனந்திரும்பி, நீதி செய்து, மன்னிப்புப் பெற்றவனின் பழைய கோட்டைச் சுரண்ட நமக்கு அதிகாரம் ஏது?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கமிட்டிக் கூட்டத்தில், ஒரு சகோதரரின் பழைய வீழ்ச்சியை நான் நினைவூட்டினேன். சொன்னது உண்மைதான். ஆனால் அடுத்த ஞாயிறு அவருடைய இருக்கை காலியாயிருந்தது. நான் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் மன்னித்தார். ஆனாலும் அந்தச் சபைக்குத் திரும்பவில்லை. அவர்மேல் தேவன் வரைந்திருந்த புதிய கோட்டையும் சேர்த்தே என் நாவு சுரண்டியிருந்தது.

பிரியமானவர்களே, இந்த வாரம் யாருடைய பழைய பக்கமாவது உங்கள் கையில் கிடைத்தால், மேலே வரையப்பட்டிருப்பதை முதலில் பாருங்கள். கர்த்தர்தாமே நம் நாவுகளைக் காப்பாராக. ஆமென்.