வழிவிடும் சைக்கிள்

சைக்கிளை மலைமேல் மிதித்து ஏற்றிப் பின்னர் உருண்டு இறங்குவதில் என்ன சுகம் என்று நேயர்கள் கேட்கலாம். இங்கிலாந்திலே, வேல்ஸ் எல்லைக்கு அண்மையில் சர்ச் ஸ்ட்ரெட்டன் என்னும் சிறு சந்தையூர் உளது. அதன் மேற்கே எழும் லாங் மிண்ட் மலையின் உயரம் 516 மீட்டர்தான். ஆயினும் பர்வே என்னும் செங்குத்தான சாலையில் ஏறுகிறவர்களுக்கு மூச்சு முட்டிவிடும். இறங்குவதற்கோ மின்டன் பாட்ச் என்னும் ஒடுங்கிய பள்ளத்தாக்கு இருக்கிறது; அதற்காகவே வருகிறவர்கள் பலர்.

இப்படி இறங்கும் வழிகள் பெரும்பாலும் பழைய குதிரைப் பாதைகள். 1968-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று அத்தகைய பாதைகளில் சைக்கிள் செல்ல உரிமை வழங்கிற்று. கூடவே ஒரு நிபந்தனையும் விதித்தது: நடந்து வருவோருக்கும் குதிரைமேல் வருவோருக்கும் சைக்கிள்காரர் வழிவிட வேண்டும்!

இந்த நிபந்தனையைத்தான் நாம் பெரிதும் மெச்சுகிறோம். உலகத்து ரஸ்தாக்களில் வேகமுள்ளவனைக் கண்டு மெல்ல நடப்பவன் ஒதுங்குவதே வழக்கம். இம் மலைச் சரிவிலோ, விரைந்து வருகிறவன் பிரேக்கைப் பிடித்து நிற்க வேண்டியவனாகிறான். சட்டம் தந்த உரிமையை நிலைக்கச் செய்வது அந்தப் பிரேக்குத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.