வாப்பாவின் சவரக்கத்தியைச் சாணைச் சில்லில் கொடுக்காதீர்கள்



பழைய மடக்குச் சவரக்கத்தி இருக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு முஸ்லிம்கள் கைக்கு அகப்பட்டதோடு வெளியேறினார்கள். 2009இல் தமிழ்ச் சகோதரர்களுக்கு அதுவும் மிஞ்சவில்லை. அதையெல்லாம் தப்பி வந்த கத்தியைத்தான் இப்போது சிலர் மின்சாரச் சாணைச் சில்லில் கொடுக்கிறார்கள்.

போன மாதம் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். சோலிங்கன் என்று பொறித்த ஜேர்மன் கத்தி. வாய் நெடுக நீலம் பாய்ந்திருந்தது. அந்த இடம் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறி, உருக்கின் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நீலம் பாய்ந்த பகுதியில் இனிக் கூர் நிற்காது. மண்வெட்டிக்கும் கோடரிக்கும் அந்தச் சில்லு போதும். இதற்கு வேண்டாம்.

சவரக்கத்தியின் முதுகு ஏன் தடிப்பு? பிள்ளைகளுக்குச் சொல்வதென்றால், அது ஓர் இருசமபக்க முக்கோணி. முதுகு 6 மில்லிமீற்றர், அகலம் 20 மில்லிமீற்றர் என்றால் கூர்க்கோணம் ஏறக்குறைய 17 பாகை. முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படுத்திருந்தால் கோணம் தானாக அமையும். முதுகைத் தூக்கினால் எல்லாம் கெட்டது.

முதலில் எண்ணெய் தொட்டு, மெல்லிய அரத்தாளால் துருவை எடுங்கள். துருக்குழி வாய்வரை போயிருந்தால் சவர ஆசையை விட்டுவிட்டு ஞாபகமாக வைத்திருங்கள். இல்லாவிட்டால் தண்ணீர்க்கல்லில் 1000, 4000, 8000 என்று படிப்படியாக, வாய் முன்னே போகத் தீட்டுங்கள். அழுத்தம் வேண்டாம். வாயோரம் மார்க்கர் பேனையால் கறுப்படித்துக்கொண்டால், மை அழியாத இடம் கல்லைத் தொடவில்லை என்று தெரியும். கடைசியில் தோல்வார். அதில் மட்டும் முதுகு முன்னே. மாறி இழுத்தால் தோலும் போகும், கூரும் போகும்.

இதைச் சலூனுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாளாவது உயிரோடு இருக்கும். தோல்வாரை அவிக்கவும் முடியாது. ஆளுக்கொரு புது பிளேட் போடும் சலூன்காரர் செய்வதுதான் சரி. பழைய கத்தி வீட்டில், ஒரே ஆளுக்கு மட்டும். சவரம் முடிந்ததும் துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி பூசி வையுங்கள். எங்கள் மாரிக்காலத்து ஈரத்துக்கு ஒரு இரவு போதும், துரு பிடிக்க.

கல் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு அஸருக்குப் பிறகு கொண்டு வாருங்கள். காசு வேண்டாம், பக்கத்தில் இருந்து பழகிக்கொண்டு போங்கள்.