மேட்டு வழியில் ஒரு நெடுந்தூர ஓட்டம்



அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். மேடு பள்ளம் மிகுந்த சாலையில் அதனை ஓடி முடித்த நாங்கள், தனித்துப் பயின்றிருந்தால் பாதியிலேயே நின்றிருப்போம்.

ஞாயிறுதோறும் விடியற்காலையில், செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் குழுவாக ஓடினோம். ஏற்றத்தில் மெதுவாக ஓடுபவரே முன்னே செல்வார்; பேச இயலாதவாறு மூச்சு வாங்கினால் வேகம் மிகுதி என்பதே எங்கள் அளவுகோல். இளைஞர்கள் முணுமுணுத்ததும் உண்டு! உண்மையில் தொடைத் தசைகளை மிகவும் நோகச் செய்வது இறக்கமே. முன்னரே இறக்கத்தில் ஓடிப் பழகிய கால்களுக்கு அந்நோவு குறையும். குழுவில் கடைசியாக ஓடியவரும் எல்லைக் கோட்டை அடைந்தார்.

ஆகவே, வெல்லக்கூடிய பிள்ளைகளை மட்டும் தேர்ந்து பயிற்றும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. பின்தங்கும் பிள்ளைகளையும் திடலுக்கு அனுப்புங்கள். அவர்களுக்கு இத்துணைத் தொலைவு வேண்டா. 2 கிலோமீட்டரும் ஒரு மேடும் போதும்.