பம்பைக் கழற்றும் முன்

"ஸ்டீயரிங் டைட்டா இருக்குண்ணே, ஆயில் ஊத்திப் பாருங்க" என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆயில் ஊற்றுகிறோம். இரண்டு வாரத்தில் திரும்பி வருகிறார், பம்பை மாற்றுகிறோம். மறுபடியும் வருகிறார், ராக்கை மாற்றுகிறோம். அதன் பிறகும் சத்தம் போகாவிட்டால், "இந்த மாடலே இப்படித்தான் சார்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இவ்வளவு வேலையிலும் ஒரு பிரஷர் கேஜ் எட்டிப் பார்க்கவில்லை. பம்பு எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளக்காமலே பம்பு போய்விட்டது என்கிறோம். நம் மெக்கானிக்குகளுக்குத் தெரியாததால் இப்படி நடப்பதில்லை. பில்லில் 'பம்பு' என்று எழுதினால் பணம் வருகிறது, 'சோதனை' என்று எழுதினால் வருவதில்லை. சோதித்துப் பார்ப்பதற்குக் கூலி கிடைக்காத பட்டறையில் எப்பேர்ப்பட்ட கைக்காரரும் பார்ட்ஸ் மாற்றுகிறவராகத்தான் ஆவார். கூலி விஷயத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் வண்டிக்குக் கீழே போகலாம்.

புதிய கார்களில் மின் ஸ்டீயரிங் வந்துவிட்டதால் ஹைட்ராலிக் பற்றி இனி என்ன பேச்சு என்று சில இளைஞர்கள் கேட்கிறார்கள். இன்னோவா கிரிஸ்டா, பொலிரோ, ஸ்கார்ப்பியோ கிளாசிக் எல்லாம் ஹைட்ராலிக்தான். அவற்றின் முந்தைய தலைமுறைகள், டாக்ஸியாக ஓடும் பழைய வண்டிகள் என்று சேர்த்துப் பார்த்தால், 1951-இல் கிரைஸ்லர் இம்பீரியலில் விற்பனைக்கு வந்த இந்த ஏற்பாடு இன்னும் பல ஆண்டுகள் நம் பிட்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

பட்டறைகளில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஒன்று உண்டு. பம்பு அழுத்தத்தை உண்டாக்குவதில்லை, ஓட்டத்தைத்தான் தருகிறது. எதிரே தடை இருந்தால்தான் அழுத்தம் ஏறும். ஸ்டீயரிங் ஷாஃப்டுக்கும் பினியனுக்கும் நடுவே மெல்லிய டார்ஷன் பார் இருக்கிறது. டிரைவர் திருப்பும்போது அது சில டிகிரி முறுகும். அந்த அளவுக்கு ரோட்டரி வால்வு திறந்து, ராக் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு ஆயிலை அனுப்பும். பிஸ்டன் சீல் தேய்ந்திருந்தால் ஆயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உள்ளேயே நழுவிவிடும். தடை குறையும், அழுத்தம் ஏறாது. புத்தம் புதிய பம்பைப் பொருத்தினாலும் ஸ்டீயரிங் கனமாகவே இருக்கும். வெளியே ஒரு சொட்டு ஆயிலும் ஒழுகியிருக்காது என்பதால் ராக்கின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது.

இனி சத்தம். திருப்பும்போது பம்பு முனகினால் பம்பு பேரிங் என்று கை தானாகவே ஸ்பேனரைத் தேடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். பல கார்களில் ரிசர்வாயரின் அடியில் சன்னமான வலை ஒன்று இருக்கும். ஆண்டுக் கணக்கில் மாற்றாத ஆயிலின் கசடும், சீலும் ஹோஸும் தேய்ந்து உதிர்ந்த ரப்பர் துகளும் அதில்தான் சேரும். வலை அடைத்துக்கொண்டால் டேங்கில் ஆயில் நிறைய இருந்தும் பம்புக்குப் போய்ச் சேராது. தண்ணீர் இறங்கிப்போன போர்வெல்லில் ஓடும் மோட்டார் போல அது கத்தும். நாம் பம்பை மாற்றுவோம். புதுப் பம்பும் அதே அடைத்த டேங்கிலிருந்து உறிஞ்சித் தவிக்கும், சில மாதங்களில் உண்மையாகவே கெட்டும் போகும். டேங்கைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வலை பெரும்பாலும் டேங்கோடு சேர்ந்தே வரும், தனியாகக் கிடைக்காது. சுத்தம் செய்தும் தெளியாவிட்டால் டேங்கையே மாற்றுங்கள். பம்பு விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

சத்தத்துக்கு அடுத்த காரணம் காற்று. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அங்கே கிளாம்ப் தளர்ந்தாலோ ஓ-ரிங் விறைத்துப்போனாலோ ஆயில் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒழுகலைத் தேடித் தேடிக் களைத்துப்போகிற மெக்கானிக் இதைக் கவனிப்பதில்லை. இன்ஜின் ஓடும்போது டேங்கில் ஆயில் மட்டத்தைப் பாருங்கள், பிறகு இன்ஜினை நிறுத்துங்கள். மட்டம் 5 மி.மீ.க்கு மேல் எழும்பினால் உள்ளே காற்று இருக்கிறது. ஆயில் நுரைத்து வெளிறியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

காற்றை வெளியேற்றுவதில் நம்மவர்களுக்குப் பொறுமை போதாது. ஆயிலை ஊற்றிய கையோடு இன்ஜினைப் போட்டு லாக்குக்கு லாக் வேகமாகத் திருப்பினால், காற்று நுண்ணிய குமிழிகளாக ஆயிலோடு கலந்துவிடும். அது அடங்க ஓர் இரவாகும். முன் சக்கரங்களைத் தூக்கி, இன்ஜினைப் போடாமல், டேங்கில் ஆயில் குறையக் குறைய நிரப்பிக்கொண்டு, மெதுவாக இருபுறமும் பதினைந்து இருபது முறை திருப்புங்கள். குமிழி வருவது நின்ற பிறகு இன்ஜினைப் போடுங்கள். லாக்கில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைக்க வேண்டாம். அங்கே ரிலீஃப் வால்வு வழியாக ஆயில் பம்புக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும், சூடு கிடுகிடுவென்று ஏறும். இதை வண்டிக்காரரிடமும் சொல்லுங்கள். பார்க்கிங்கில் லாக் செய்து அழுத்திப் பிடிப்பதுதான் பாதிப் பம்புகளுக்கு எமன்.

எந்த ஆயில்? மூடியிலும் மேனுவலிலும் எழுதியிருப்பதுதான். ஜப்பானிய, கொரிய வண்டிகள் பலவற்றுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் சரி. ஜெர்மன் வண்டிகள் பல பச்சை நிறச் செயற்கை ஆயிலைக் கேட்கும், அதில் சிவப்பைக் கலக்காதீர்கள். ஷெல்ஃபில் கைக்கு எட்டியது என்று பிரேக் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பவர் ஸ்டீயரிங்கில் இருப்பது நைட்ரைல் ரப்பர் சீல். கிளைக்கால் கலந்த பிரேக் ஆயில் அதை ஊதிப் பெருக்க வைத்து, மென்மையாக்கிக் கிழித்துவிடும். தெரியாமல் ஊற்றிவிட்டால் இன்ஜினைப் போடாமல் முழுவதையும் அலசி எடுங்கள்.

கேஜுக்கு வருவோம். கிளிசரின் நிரப்பிய 200 பார் கேஜ் ஒன்று, உயர் அழுத்தம் தாங்கும் வால்வு ஒன்று, இரண்டு ஹோஸ், நம்மிடம் வரும் வண்டிகளுக்கேற்ற அடாப்டர்கள். ஹைட்ராலிக் ஹோஸ் கிரிம்ப் செய்யும் எந்தக் கடையிலும் இந்தச் செட்டைச் செய்து வாங்கலாம். பம்புக்கும் ராக்குக்கும் நடுவே, கேஜ் பம்பு பக்கமும் வால்வு ராக் பக்கமும் வரும்படி பொருத்துங்கள். காற்றை வெளியேற்றி, ஆயில் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் வைத்து வால்வை மூடுங்கள். ஐந்து விநாடிக்குள் பார்த்துவிட்டுத் திறந்துவிட வேண்டும். பல கார்களில் 70 முதல் 120 பாருக்குள் ஏதோ ஓர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் மேனுவலைப் பாருங்கள். அந்த அளவு வந்துவிட்டால் பம்பு குற்றமற்றது. இனி வால்வைத் திறந்துவிட்டு ஸ்டீயரிங்கை லாக் வரை திருப்புங்கள். மூடியபோது வந்த அழுத்தம் இப்போது வராவிட்டால் ராக் உள்ளே கசிகிறது. ஒரு பக்கம் வந்து மறுபக்கம் வராவிட்டாலும் அதே தீர்ப்புதான்.

மூடியபோதே அழுத்தம் குறைவாக இருந்தாலும் உடனே பம்பைத் தூக்கி எறிய வேண்டாம். பெல்ட் வழுக்குகிறதா என்று பார்த்துவிட்டு, பம்பின் உடம்பில் இருக்கும் ஃப்ளோ கன்ட்ரோல் வால்வைக் கழற்றுங்கள். ஸ்பூலில் ஒரு துகள் சிக்கினாலே போதும், பம்பு சோர்ந்துவிடும். டொயோட்டா மேனுவல்கள் இதற்கென்றே ஒரு சோதனை தருகின்றன: வால்வு முழுக்கத் திறந்த நிலையில், ஸ்டீயரிங்கைத் தொடாமல், 1000 ஆர்பிஎம்மிலும் 3000 ஆர்பிஎம்மிலும் அழுத்தத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பழகிய கைக்கு மொத்தச் சோதனையும் ஒரு மணி நேர வேலை.

பம்பு உண்மையிலேயே தேய்ந்திருந்தால் வேலை இரட்டிப்பாகிறது. அதிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகள் ராக், ஹோஸ், டேங்க் எல்லா இடத்துக்கும் போயிருக்கும். ரிட்டர்ன் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு, டேங்கின் ரிட்டர்ன் வாயை அடைத்து, தெளிந்த ஆயில் வரும் வரை அலசாமல் புதுப் பம்பை வைத்தால், கொடுத்த வாரண்டியை நாமே செல்லாததாக்குகிறோம்.

அழுத்த ஹோஸ் விஷயத்தில் சிக்கனம் பார்ப்பது ஆபத்து. வெடித்த ஹோஸை வெட்டி, நடுவே குழாய் வைத்துக் கிளாம்ப் போட்டு அனுப்புகிற வழக்கம் ஒழிய வேண்டும். அந்த இடத்தில் ஆயில் பீறிட்டால் நேரே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் விழும். அது எரியும் திரவம். கடையில் கிரிம்ப் செய்து வாங்குவது பாதுகாப்பானதுதான், அதில் வேறொரு நுணுக்கம் இருக்கிறது. கம்பெனி ஹோஸுகள் பலவற்றின் உள்ளே பம்பின் துடிப்பை அடக்கும் சிறு குழாய் இருக்கும். வெறும் ஹைட்ராலிக் ஹோஸில் அது இருக்காது. ஹோஸ் மாற்றிய நாளிலிருந்து ஒரு ரீங்காரம் கேட்கிறது என்று வண்டிக்காரர் சொன்னால், அவர் காதைக் குறை சொல்லாதீர்கள்.

ஹைட்ராலிக்கோ மின்சாரமோ, எதைத் தொடும் முன்பும் சக்கரத்தில் காற்றைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், 'ராக் போச்சு' என்று வந்த வண்டிகளில் இது நடந்திருக்கிறது. பிறகு முன் சக்கரங்களைத் தூக்கி, டை ராடு எண்டுகளை நக்கிளிலிருந்து விடுவித்து, சக்கரத்தைக் கையால் திருப்புங்கள். அங்கே கனம் இருந்தால் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங்கோ பால் ஜாயின்டோ இறுகியிருக்கிறது. அங்கே லேசாக இருந்து ஸ்டீயரிங்கில் மட்டும் இறுக்கம் விட்டுவிட்டு வந்தால், இன்டர்மீடியட் ஷாஃப்டின் யூனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கலாம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது அடிக்கடி வரும். இருபது நிமிடச் சோதனை, பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

மின் ஸ்டீயரிங் 1988-இல் சுசுகி செர்வோவில் சாலைக்கு வந்தது. இன்று நம்மிடம் வரும் ஆல்டோ, வேகன்ஆர், ஸ்விஃப்ட் போன்றவற்றின் மின் ஸ்டீயரிங்கிலும் அதே வழியில் ஸ்டீயரிங் காலத்தோடு (column) சேர்ந்த மோட்டார்தான். மஞ்சள் விளக்கு எரிந்ததும் காலத்தையே மாற்றச் சொல்கிறோம். சிறிய காரிலேயே முழு லாக்கில் இந்த மோட்டார் 40, 50 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தாலோ எர்த் வயரின் முனை அரித்திருந்தாலோ அது உதவியை நிறுத்திக்கொண்டு விளக்கைப் போடும். மல்டிமீட்டரை எர்த் வயரின் இரு முனையிலும் வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். வண்டியின் வேக சிக்னல் வராவிட்டாலும் இதே விளக்கு எரியும். ஸ்கேனரில் எரர் கோடை அழித்துவிட்டு அனுப்புவது வைத்தியமாகாது.

இடுக்கில் நிறுத்த ஐந்தாறு முறை லாக்குக்கு லாக் திருப்பிய பிறகு கனமாகி, சற்று ஓய்ந்ததும் சரியாகிவிட்டால், மோட்டார் சூட்டிலிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். பழுது எதுவும் இல்லை. காலத்தைக் கழற்றிப் பூட்டியிருந்தால் டார்க் சென்சரின் பூஜ்யத்தை ஸ்கேனரில் மறுபடி அமைக்காமல் வண்டியை விடாதீர்கள். ஒரு பக்கம் இழுக்கும். வண்டிக்காரர் அலைன்மென்ட் கடைக்கு அலைவார். ஷாஃப்டின் மேல் சுத்தியல் படவே கூடாது.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் கைமாறிக் கைமாறி இன்றும் நம்மிடம் வருகின்றன. டேஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய வண்டியில் காலத்தின் கன்ட்ரோல் யூனிட் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். ராக்கின் பூட் கிழிந்திருந்தால் உள்ளே போன தண்ணீர் ராக் ஷாஃப்டைப் புள்ளி புள்ளியாக அரித்திருக்கும்.

அரித்த அந்த ஷாஃப்டுதான் ராக் ரிக்கண்டிஷன் வேலையின் பெரிய பொய். பூட் கிளாம்பைத் தளர்த்தினால் உள்ளிருந்து ஆயில் கொட்டுகிறது. சீல் கிட் வாங்கிப் போடுகிறார்கள். புள்ளி விழுந்த ஷாஃப்டு புதுச் சீலைச் சில வாரத்தில் அறுத்துவிடும். சேதப்பட்ட ஷாஃப்டை மாற்ற வேண்டும், முடியாவிட்டால் அந்த ராக் வேலைக்கு ஆகாது என்று சொல்லிவிட வேண்டும். பாலிஷ் போட்டு மறைப்பது வியாபாரம் அல்ல.

கூலிக்கு வருகிறேன். சோதனைக்கென்று பில்லில் தனி வரி போடுங்கள். வேலையை நம்மிடமே கொடுத்தால் அதில் பாதியைக் கழித்துக்கொள்வது உங்கள் விருப்பம், முழுவதையும் கழிக்காதீர்கள். பக்கத்துப் பட்டறைக்காரன் இலவசமாகப் பார்க்கிறானே என்பார்கள். அந்த இலவசத்தின் விலை தேவையில்லாமல் மாற்றிய பம்பில் ஒளிந்திருக்கிறது. கேஜ் காட்டிய அளவைக் காகிதத்தில் எழுதி, வால்வு மூடியபோது இவ்வளவு, லாக்கில் இவ்வளவு என்று வண்டிக்காரர் கையில் கொடுங்கள். அவர் வேறு பட்டறைக்குப் போனாலும் அந்தக் காகிதம் உங்கள் பெயரோடுதான் போகும்.

இதே கணக்கை ரிக்கண்டிஷன் செய்கிறவர்களிடமும் கேட்போம். சென்னையில் ரானே குழுமம் போன்ற தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஸ்டீயரிங் கியரைப் பெஞ்சில் ஏற்றிச் சோதித்து அனுப்புவது இந்தத் தொழிற்சாலைகளின் அடிப்படை ஒழுங்கு. புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் வாங்கும் ரிக்கண்டிஷன் ராக்கோடு துணியில் துடைத்த பளபளப்பு மட்டும் வருகிறது. ஷாஃப்டு புதிதா பழையதா, எந்த அழுத்தத்தில் சோதித்தார்கள், எத்தனை மாதம் பொறுப்பு ஏற்கிறார்கள் என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தராத ராக்கை வாங்குவதில்லை என்று நம் சங்கங்கள் அடுத்த மாதக் கூட்டத்திலேயே தீர்மானம் போடலாம்.