எரித்து வைத்த கல்யாணம்

சென்ற ஆடி மாதம் குற்றாலத்தில் நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் தென்காசிக்கு வந்து சித்தி வீட்டுப் படி ஏறினேன். சித்திக்கு ஓர் ஆசை. 2006-ல் நடந்த மகள் கல்யாணத்தை மறுபடி பார்க்க வேண்டுமாம். உண்மையில் கல்யாணத்தை அல்ல. தாரை வார்த்துக் கொடுத்த சித்தப்பாவை. அவர் காலமாகி ஏழு வருஷம் ஆகிறது.

பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவிலிருந்து ஒரு டி.வி.டி. தட்டு வெளியே வந்தது. அதன் மேல் 'டபுள் லேயர், 8.5 ஜி.பி.' என்று விருது வேறு! பக்கத்து வீட்டில் ஒரு பழைய பிளேயரை இரவல் வாங்கினோம். மாப்பிள்ளை அழைப்பு ஓடியது, நாகஸ்வரம் ஒலித்தது. சித்தப்பா மணவறையை நோக்கி நடந்தார். நடந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏ அய்யா, கரண்டு போயிட்டா?" என்றாள் சித்தி.

கரண்டு போகவில்லை, நேயர்களே! கடையில் வாங்கும் சினிமாத் தட்டில் படம் பள்ளங்களாக அச்சாகியிருக்கிறது. 'பர்னர்' எரித்துத் தரும் தட்டிலோ இருப்பது வெறும் சாயப் பூச்சு. லேசர் கதிர் அதைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. ஓரடுக்குக்கு 4.7 ஜி.பி. இரண்டடுக்கு என்றால் 9.4 என்பீர்கள். அதுதான் இல்லை. முதல் அடுக்கை ஊடுருவி இரண்டாவதைப் படிக்க வேண்டியிருப்பதால், எழுத்தைச் சற்று நீட்டி எழுதுகிறார்கள், கணக்கு 8.5-ல் நின்றுவிடுகிறது. ஓர் அடுக்கு முடிந்ததும் கதிர் குவியத்தை மாற்றி அடுத்ததற்குத் தாண்ட வேண்டும். அந்தத் தாண்டலில்தான் சித்தப்பா நின்றார். யந்திரத்தின் முதுமையோ, சாயத்தின் முதுமையோ!

இந்தத் தட்டுகளைச் செய்தவர்கள் எதைப் பற்றிச் சண்டையிட்டார்கள் தெரியுமா? பெயருக்கு நடுவே கழித்தல் கோடா, கூட்டல் குறியா என்று! கோயில் யானைக்கு வடகலை நாமமா, தென்கலை நாமமா என்று நடந்த வழக்குக்கு இது இளைத்ததல்ல. கூட்டல் கட்சி 2004-ல் இரண்டடுக்குத் தட்டைக் கொண்டுவந்தது; அடுத்த வருஷமே கழித்தல் கட்சியும் கொண்டுவந்தது. எத்தனை கொள்ளும் என்று போட்டியிட்டார்களே தவிர, எத்தனை காலம் படிக்க முடியும் என்று நாமும் கேட்கவில்லை. இன்று புது மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தட்டை நுழைக்க வாயே கிடையாது.

"வெயில் படாமல், ஈரம் படாமல் வைத்தால் கெடாது" என்று சமாதானம் சொல்கிறார்கள். சாரல் காலத்தில் குற்றாலத்தில் அப்பளம் நமத்துப் போகிறது. தீக்குச்சி பற்ற மறுக்கிறது. அங்கே சாயத்துக்கு மட்டும் சலுகை உண்டா?

குற்றம் அவர்களுடையது மட்டுமா? பூட்டி வைப்பதையே காப்பாற்றுவது என்று நினைத்தோமே, அது நம்முடையது. சங்க நூல்கள் நம் கைக்கு வந்தது ஓலை அழியாதது என்பதனால் அல்ல. ஓலை அழியும் என்று அறிந்தவர்கள், செல்லரிக்குமுன் தலைமுறைதோறும் புது ஓலையில் பிரதி எடுத்தார்கள். அவர்களுக்கு இருந்த சுறுசுறுப்பு நமக்கு இல்லை.

சித்தி வீட்டு வாசலில் நின்றால் காசி விசுவநாதர் கோயில் கோபுரம் தெரியும். 1446-ல் அந்தக் கோயில் திருப்பணியைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன் கல்லில்தான் கட்டினான். ஆனாலும் கல்லை நம்பி அவன் தூங்கவில்லை. இக்கோயிலுக்குப் பின்னாளில் பழுது நேர்ந்தால், அதைச் சீர்செய்து காப்பவர் யாராயினும் அவரைப் பணிகிறேன் என்று பாட்டாகவே பொறித்து வைத்தான். பழுது நேரத்தான் செய்தது. நெடுங்காலம் சிதைந்து நின்ற ராஜகோபுரம் 1990-ல் மறுபடி எழுந்தது. கருங்கல்லுக்கே பின்னால் வருகிற ஆள் வேண்டியிருக்கிறது என்றால், சாயத்துக்கு வேண்டாமா?

ஆகையால் இன்றே பீரோவைத் திறவுங்கள். படிக்கிற யந்திரம் அகப்படும்போதே பிரதி எடுங்கள். ஒன்றல்ல, இரண்டு மூன்று. வெவ்வேறு வீட்டில் வையுங்கள். சில வருஷத்துக்கு ஒரு முறை புதிதாக மாற்றுங்கள்.

எங்கள் சித்தப்பா இன்னும் மணவறை போய்ச் சேரவில்லை. உங்கள் வீட்டில் யாரும் பாதி வழியில் நிற்க வேண்டாம்.